எங்கள் கேப்டன் சொல்லாமல் விட்ட சொல்

சென்ற வாரம் ஜாலான் பெண்டஹாரா சாப்பாட்டுக் கடையில் தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டே நம் கூட்டம் சண்டை போட்டதை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நல்ல கேப்டன் யார் என்பதுதான் சண்டை. ஒருவர் முன்னால் நின்று கோல் அடிக்கிறவன் என்றார். இன்னொருவர் நடுவரிடம் எகிறிப் பேசத் தெரிந்தவன் என்றார். மூன்றாமவர், பாவம், காது சரியாகக் கேட்காததால் கேப்டன் என்றதும் கப்பல் கேப்டனைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். என் பக்கம் திரும்பி, நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்டீர்கள். நான் சீனி போடாத தேநீரில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

சும்மா இருந்ததற்குக் காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த கேப்டனைப் பற்றி அத்தனை வெளிச்சத்தில், அத்தனை இரைச்சலில் பேச முடியாது. பேசினால் கிழவனுக்கு மண்டை குழம்பிவிட்டது என்று என் மகளுக்குத் தகவல் போய்விடும். எழுதினால் பரவாயில்லை. நம்புகிறவர்கள் நம்புங்கள்.

அது மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிற வருஷம். நாங்கள் அப்போது மலாக்காவில், காஜா பேராங்கில் வாடகைக்கு இருந்தோம். காஜா பேராங் என்றால் கோபம் கொண்ட யானை. நான் அங்கே யானையைப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் வாத்தும் ஆடும் சேறும்தான். எங்கள் பலகை வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு திடல், திடலுக்கு அப்பால் மலாக்கா செட்டிகளின் வீடுகள். அவர்கள் நம்மைப் போலவே கோயிலுக்குப் போவார்கள், நெற்றி நிறையத் திருநீறு பூசுவார்கள். வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். பல தலைமுறைகளுக்கு முன்பே தமிழ் அவர்கள் நாக்கைவிட்டுப் போய்விட்டது. பெண்கள் சாரோங்கும் கெபாயாவும் உடுத்தி, கொண்டை போட்டு, பொட்டு வைத்திருப்பார்கள்.

எங்கள் கேப்டன் அந்த வீடுகளில் ஒன்றிலிருந்து வருகிறவன். ஒல்லி. கால் மட்டும் நீளம். அதிகம் பேச மாட்டான். எங்கள் பள்ளி வாத்தியார் ஒரு நாள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, இவனா கேப்டன், இவன் கடைசியில் அல்லவா நிற்கிறான் என்று சிரித்தார். அவர் கணக்கில் கேப்டனாக இருக்க வேண்டியவன் கிராணி மகன். கிராணி என்றால் தெரியுமே, அலுவலகக் குமாஸ்தா. அவர் மகனுக்கு முட்டிவரை சாக்ஸ் இருந்தது, இங்கிலீஷ் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பந்து அவனுடையது. தோலில் தைத்து வாயில் கயிறு கட்டிய அந்தக் காலத்துப் பந்து. தலையால் முட்டினால் கயிற்றின் தடம் நெற்றியில் விழுந்து இரண்டு நாளைக்கு இருக்கும். அந்த மாதிரிப் பந்தை இப்போது எங்கேயும் காணோம்.

இருந்தும் எங்களுக்கு அந்த ஒல்லிப் பையன்தான் கேப்டன். அவன் ஆட்டம் முழுவதும் ஒரே ஒரு சொல்லைத்தான் கத்துவான். "மாரி!" மலாயில் அதற்கு வா என்று பொருள், உங்களுக்குத் தெரிந்ததுதான். பந்து யார் காலில் இருந்தாலும், அவன் எந்தப் பக்கம் நின்று மாரி என்கிறானோ அந்தப் பக்கம் தள்ளினால் போதும். ஆட்டம் முடிந்ததும் திடலின் ஓரத்தில் போய் நின்றுகொள்வான். ஒவ்வொருவராகப் பார்த்து மாரி, மாரி என்று வெளியே அழைப்பான். கடைசி ஆள் வெளியே வரும்வரை அவன் நகர மாட்டான். இது யாரும் சொல்லிக் கொடுத்த பழக்கமல்ல. அவன் அண்ணனால் வந்தது.

அண்ணன்தான் எங்களுக்கு முந்தைய செட்டுக்குக் கேப்டன். லெப்ட் விங் ஆடுவான், அதாவது இடது ஓரத்தில் முன்வரிசை. விளையாட இறங்கினால் இருட்டினாலும் திடலைவிட்டு வர மாட்டான். யார் கூப்பிட்டாலும் காது கேட்காதவன் போலப் பந்தை உருட்டிக்கொண்டிருப்பான். அவர்கள் அம்மா தம்பியை அனுப்புவாள். தம்பி ஓரத்தில் நின்று, "மாரி, பாங்" என்பான். பாங் என்றால் அண்ணன். அந்தக் குரலுக்கு மட்டும் அவன் பந்தை விட்டுவிட்டு வந்துவிடுவான். சாப்பாடு ஆறிப்போவதற்குள் இரண்டு பேரும் வீட்டில் இருப்பார்கள்.

அதற்கு முந்தைய வருஷம் அண்ணன் உஜோங் பாசிர் கடலில் நண்பர்களோடு குளிக்கப் போனான். பந்து பூட்ஸைக் கழற்றி மணலில் ஜோடியாக வைத்துவிட்டு இறங்கியவன் திரும்பி வரவில்லை. மீன் பிடிக்கிறவர்கள் மூன்று நாள் வலை போட்டுத் தேடினார்கள். உடல் கிடைக்கவே இல்லை. பூட்ஸை மட்டும் தம்பி வீட்டுக்குக் கொண்டுவந்தான். அந்த பூட்ஸை அவன் ஒருநாளும் போட்டதில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவான், திடலின் இடப்பக்கக் கோட்டில் ஜோடியாக வைப்பான், வெறுங்காலோடு ஆடுவான். நாங்கள் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்கத் தோன்றாது.

இப்போது என் சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அம்மா தம்பியைப் பெற்றபோதே போய்விட்டாள். அப்பா சில வருஷம் தனியாகச் சமாளித்துப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சித்தியைக் கட்டிக் கப்பலில் அழைத்துவந்தார். வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அப்பாவுக்கு ரோடு போடுகிற வேலை, வாரம் முழுக்க வெளியூர், சனிக்கிழமை மத்தியானம் தார் வாசனையோடு வருவார். சித்தி வீட்டைவிட்டு இறங்க மாட்டாள். மலாய் ஒரு சொல் தெரியாது. எதிர்வீட்டுச் சீன அம்மா சிரித்தால்கூடப் பயந்து கதவைச் சாத்துவாள். நாலு வயதுத் தம்பியை மட்டும் இடுப்பைவிட்டு இறக்க மாட்டாள். அவனும் அவளைத்தான் அம்மா என்பான்.

சமையல்கட்டு ஜன்னல் திடலைப் பார்த்தபடி இருக்கும். சாயங்காலமானால் எங்கள் கேப்டனின் குரல் வாய்க்காலைத் தாண்டி வந்துவிடும். சித்திக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது. அந்த நெட்டைப் பையன் நல்ல பிள்ளை, பக்தியுள்ள பிள்ளை என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். பந்து உதைக்கிறதில் என்ன பக்தி என்று நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். அவள் காதில் விழுந்தது வேறு என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவளுக்கு அது மாரியாத்தாளின் பெயர். ஒவ்வொரு உதைக்கும் ஒரு பிள்ளை அம்மன் பேரைச் சொல்கிறான் என்று நினைத்து, அடுப்படியில் நின்றபடி கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

பழக்காலம் வந்தது. ரம்புத்தானும் டுரியானும் தெருவெல்லாம் மணத்தது. கடைகளில் புதுக் கொடி விற்க ஆரம்பித்திருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் தம்பிக்கு அம்மை போட்டது. முதலில் காய்ச்சல், பிறகு உடம்பெல்லாம் முத்து. சித்தி வாசலில் வேப்பிலை கட்டினாள். தாளிப்பதை நிறுத்தினாள். ஆஸ்பத்திரி டிரெசர் வந்து பார்த்துவிட்டு, சளி நெஞ்சில் இறங்கியிருக்கிறது, கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லி மருந்து கொடுத்தார். பிள்ளை மூச்சுவிடுகிற சத்தம் தெரு வாசல்வரை கேட்டது. சித்தி தன் பாட்டுக்கு அழுதுகொண்டே சொன்னதை நான் கேட்டேன். "இவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா சித்திக்காரி கொன்னுட்டான்னுதானே சொல்லுவாங்க. தாயே, எனக்கு வேற யாரு இருக்கா?"

அன்று சாயங்காலம் ஜன்னல் வழியாகக் கேப்டனின் குரல் வந்தது. சித்தி காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அந்த நெட்டைப் பையன்கிட்ட போய்ச் சொல்லு. நம்ம வீட்டுல அவ இறங்கியிருக்கா. தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் அந்தச் சொல்லை அவன் கூப்பிடக் கூடாது."

"எந்தச் சொல்லு சித்தி?"

"பந்துக்குப் பந்து கத்துறானே, அது. என் வாயால நான் சொல்ல மாட்டேன். விளையாட்டாக் கூப்பிட்டா அவளும் விளையாடிட்டுப் போயிடுவா."

நான் போய்ச் சொன்னேன். கேப்டன் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுக்கு அது உடனே விளங்கிவிட்டது, அவன் வழியில். அவர்கள் அம்மனை டத்தோ சாச்சார் என்பார்கள், அம்மைக்கு உரிய பெரியவர் என்று அர்த்தம். அது தெருவில் நடமாடும் காலத்தில் வா வா என்று ஒருவன் கத்தினால், தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று ஒவ்வொரு வீடாக நுழைந்துவிடாதா? நியாயம்தான் என்றான். எனக்கும் அதுதான் காரணம் என்று பட்டது. சித்தி ஒன்றை நினைத்தாள், அவன் இன்னொன்றை நினைத்தான், இரண்டும் ஒரே இடத்தில் வந்து பொருந்திவிட்டன. எங்கள் வேலிக்கு வெளியே வந்து நின்று, வேப்பிலையில் கைவைத்து, தண்ணீர் ஊற்றும்வரை அந்தச் சொல்லை வாயில் எடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தான். சித்தி ஜன்னலில் நின்று பார்த்து அவனைக் கும்பிட்டாள்.

மறுநாள் கிராணி மகன் பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தான். அம்மை போட்ட வீட்டுப் பையனோடு ஆடக் கூடாது என்று அவன் அப்பா சொல்லிவிட்டாராம். அவன் இருந்தால் நான் இல்லை, நான் இல்லையென்றால் பந்தும் இல்லை என்றான். உஜோங் பாசிர் பையன்களோடு ஆட்டம் நெருங்கிவிட்ட நேரம். ஜெயிக்கிற குழு சுதந்திரக் கொண்டாட்டத்தில் ஊர்ப் பாடாங்கில், பெரிய திடலில், ஆடலாம் என்று பேச்சு. எல்லாரும் கேப்டனைப் பார்த்தார்கள். நானே விலகிக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவன் கிராணி மகனின் தோளைத் தட்டி, பந்தைப் பத்திரமாகக் கொண்டு போ என்று சொல்லிவிட்டு, எங்களோடு பழந்துணிப் பந்து உருட்ட வந்துவிட்டான். இப்படியாக எங்களுக்குப் பந்தும் இல்லை, லெப்ட் விங் ஆடிய அவனும் இல்லை. நாங்கள் பத்துப் பேர். நான் லெப்ட் ஆஃப், இடப்பக்க நடுவரிசை, எனக்கு முன்னால் இருந்த இடம் காலி.

அந்த வாரத்தில்தான் அவர்கள் வீட்டில் பழக்காலத்துப் பர்ச்சு வந்தது. பர்ச்சு என்றால் செத்தவர்களுக்குப் படைப்பது. படைச்சு என்ற நம் சொல்தான் தேய்ந்து அப்படி ஆகியிருக்க வேண்டும் என்பது என் யூகம். வாழை இலைகள் போட்டு, போனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்து, சாம்பிராணி போட்டு, ஒவ்வொருவராக வந்து சாப்பிட அழைப்பார்கள். பிறகு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். சற்றுப் பொறுத்து, கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தட்டாமல் திறந்தால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்கள் எழுந்துவிடுவார்களாம். அதன்பின் வீட்டார் அந்த இலைகளில் சாப்பிடுவார்கள். அந்தச் சோற்றில் உப்பும் காரமும் இருக்காது என்று கேப்டன் சொல்வான். வந்தவர்கள் ருசியை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அண்ணன் இலைக்கு முன்னால் அழைக்க வேண்டியவன் எங்கள் கேப்டன். அழைக்கிற சொல் மாரி. அவனோ சத்தியம் செய்திருந்தான். அவன் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். அவர்கள் அம்மாவே பெரிய மகனை அழைத்துப் பார்த்தாள். உயிரோடு இருந்தபோதே அவள் குரலுக்கு வராத பிள்ளை. கதவைத் தட்டி உள்ளே போய்ச் சாப்பிட்டபோது மற்ற இலைகளில் எல்லாம் சப்பென்று இருந்ததாம். அண்ணன் இலையில் மட்டும் மிளகாய்ச் சம்பல் நாக்கைச் சுட்டதாம். உப்பு போட்டது போட்டபடி இருந்ததாம். அந்த அம்மா பாதியில் எழுந்துபோய்க் கொல்லையில் நின்று அழுதாள் என்று வேலிக்கு வெளியே நின்று என்னிடம் சொன்னான். நான் வேலிக்கு உள்ளே நின்று கேட்டேன். உள்ளே என் தம்பி மூச்சுவிடுகிற சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டது. சத்தியத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு திடல் மாறிவிட்டது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இடப்பக்கம் புல் எப்போதும் நனைந்திருந்தது. அந்தப் பக்கம் மேய்கிற ஆடுகள் வலப்பக்கத்துக்கு வந்துவிட்டன. ஒருமுறை துணிப்பந்து அங்கே உருண்டு போனது, எடுக்கப் போன எங்கள் கோல் கீப்பர் பாதிவழியில் நின்று, வேறு யாராவது போங்கள் என்று திரும்பிவிட்டான். அவன் பயந்தாங்கொள்ளி அல்ல. பாம்பைக் கையால் பிடிக்கிறவன். கேப்டன் போய் எடுத்து வந்தான். பந்து பிழியப் பிழியத் தண்ணீர் விட்டது. மழை பெய்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

ஆட்டத்தன்று உஜோங் பாசிருக்கு நடந்தே போனோம். கடலை ஒட்டிய திடல், பாதி புல், பாதி மணல். அங்கே இருந்தவர்கள் பழைய போர்த்துக்கீசியர் வழிவந்த மீனவர் வீட்டுப் பையன்கள். நல்ல பையன்கள். எங்களுக்குப் பந்து இல்லை என்று கேலி செய்யாமல் தங்கள் பந்தைப் போட்டார்கள். கேப்டன் பூட்ஸை இடப்பக்கக் கோட்டில் வைத்தான். கோட்டுக்கு அந்தப் பக்கம் பத்தடியில் கடல். அன்று காலை தம்பிக்கு இழுப்பு வந்திருந்தது. டிரெசர் இன்று தாண்டினால் பிழைப்பான் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் ஏன் ஆட வந்தேன் என்று கேட்காதீர்கள். வீட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை.

கேப்டன் கூப்பிடாத குழு எப்படி ஆடும்? குருட்டுக்கோழி மாதிரி ஆடினோம். பந்து கிடைத்தால் எங்கே தள்ளுவது என்று தெரியாது. ஒருவனை ஒருவன் இடித்துக்கொண்டோம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் சைக்கிளில் வந்து நின்று பார்த்தார்கள். வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறான் இந்தக் கேப்டன் என்று ஒருவர் கத்தினார்.

பழக்க தோஷத்தில் நான் ஒருமுறை முன்னால் லெப்ட் விங் இருக்கிறான் என்று நினைத்துப் பந்தைத் தள்ளிவிட்டேன். தள்ளிய பிறகுதான் அங்கே யாரும் இல்லை என்பது உறைத்தது. பந்து கோட்டைத் தாண்டிக் கடலுக்குப் போக வேண்டியது. போகவில்லை. கோட்டுக்கு முன்னால் நின்றது. பிறகு திரும்பி, மெதுவாக, சரியாக என் வலது காலுக்கு வந்தது. மணல் சரிவு, காற்று என்று இன்று எத்தனையோ சொல்லிக்கொள்ளலாம். அன்று அந்தப் பந்தைத் தொட என் கால் யோசித்தது. எதிர்ப்பக்கத்து பேக், பின்வரிசைக்காரன், என் பக்கம் வராமல் அந்தக் காலி இடத்தையே மறித்துக்கொண்டு நின்றான். ஆட்டம் முழுக்க அவன் அங்கேயே நின்றான்.

தோற்றுக்கொண்டிருந்தோம். கடல் பக்கம் வானம் கறுத்தது. மழைக்கு முந்தைய காற்று மணலை அள்ளி அடிக்க, ஆட்டத்தை முடித்துவிட்டார்கள். அந்த பேக் கேப்டனிடம் வந்தான். சிரித்தபடிதான் வந்தான். உங்கள் லெப்ட் விங் ஏன் வாயே திறக்கவில்லை, வரும்போதே கடலில் குளித்துவிட்டா வந்தான், சொட்டச் சொட்ட நிற்கிறானே என்று மலாயில் கேட்டான். அதுவரை ஒரு துளி மழை விழவில்லை.

கேப்டன் அவனைத் தாண்டி நடந்தான். வழக்கம்போல ஓரத்தில் போய் நின்றான். கூப்பிட முடியாததால் அன்று எங்கள் ஒவ்வொருவரிடமும் நடந்து வந்து தோளைத் தொட்டு வெளியே அனுப்பினான். ஒன்பது பேரையும் அனுப்பினான். பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டார்கள். அவன் மட்டும் இடப்பக்கத்தைப் பார்த்தபடி நின்றான். அலை ஏறிக் கோட்டைத் தொட ஆரம்பித்தது. நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அண்ணன் இன்னும் வரல" என்றான் மலாயில்.

அவன் என் முகத்தைப் பார்த்து, உன் தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டான். காலையில் இழுப்பு வந்ததைச் சொன்னேன். ஒரே ஒரு சொல்தான். சொல்லிவிட்டால் அண்ணன் வந்துவிடுவான். சொன்னால் என் தம்பி என்ன ஆவான் என்று அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அவன் உதடு இரண்டு முறை அசைந்து நின்றதை நான் பார்த்தேன்.

பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டான். "உங்க பேச்சுல அதுக்கு என்ன சொல்வீங்க?"

"வா."

அவன் அதை மெல்லச் சொல்லிப் பார்த்தான். அவர்கள் வீட்டில் எத்தனையோ தலைமுறையாக யாரும் சொல்லாத சொல். பிறகு கையை வாயருகே குவித்துக்கொண்டு, அந்தக் காற்றில், கடலைப் பார்த்துக் கூப்பிட்டான்.

"வா, பாங். வா."

காற்று நின்றது என்று சொல்ல மாட்டேன். காற்று அப்படியேதான் அடித்தது. என்னைக் கடந்து ஏதோ நடந்து போனது. ஈரத் துணி கையில் உரசியது மாதிரி இருந்தது, அவ்வளவுதான். கேப்டன் போய் பூட்ஸை எடுத்துக் கவிழ்த்தான். இரண்டிலிருந்தும் தண்ணீர் கொட்டியது, மணலும் கூட. அலை அதுவரை ஏறியிருக்கவில்லை. மழை அப்போதுதான் முதல் துளி போட்டது.

திரும்பி வரும் வழியெல்லாம் அவன் தன் இடப்பக்கத்தில் ஒரு ஆள் நடக்கும் அளவுக்கு இடம் விட்டு நடந்தான். எதிரே வண்டி வந்தாலும் அந்த இடத்தைக் குறைக்கவில்லை. நாங்கள் யாரும் அவனுக்கு முன்னால் போகவும் இல்லை, அந்தப் பக்கம் போகவும் இல்லை. வீட்டுக்குப் போனதும் காலமில்லாத காலத்தில் ஒரு இலை போடச் சொல்லி அவன் அம்மாவிடம் அழுதானாம். அவள் இருந்ததை வைத்தாள். கதவைச் சாத்தினார்கள், பொறுத்தார்கள், தட்டினார்கள். சற்று நேரத்தில் அவன் ஒரு துண்டு இலையில் சோறும் சம்பலும் கொண்டுவந்து எங்கள் வேலிக்கு மேலே நீட்டினான். சாப்பிட்டுப் பார்த்தேன். உப்பு இல்லை, காரம் இல்லை, ஒன்றுமே இல்லை. வெறும் சூடு மட்டும் இருந்தது. அவன் சிரித்தான். அன்றைக்குத்தான் அவன் பற்களை முழுதாகப் பார்த்தேன்.

எங்கள் வீட்டுக்குள் மூச்சுச் சத்தம் இறங்கியிருந்தது. தம்பி தண்ணீர் கேட்டான்.

ஆட்டத்தில் தோற்றதற்கு ஊர் கேப்டனைத்தான் திட்டியது. வாயில்லாதவனைக் கேப்டனாக வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று வாத்தியார் வகுப்பிலேயே சொன்னார். அவன் அதற்கும் வாயைத் திறக்கவில்லை. பெரியவர்கள் பேசட்டும் என்று விட்டுவிட்டான்.

தம்பிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய நாள் சனிக்கிழமை, அப்பா வீட்டில் இருந்தார். கேப்டனின் அம்மா ஒரு கூடை மங்குஸ்தான் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சாரோங் கட்டிய பெண் நெற்றியில் திருநீறோடு நிற்பதைப் பார்த்துச் சித்தி திகைத்துப்போய் நின்றாள். அந்த அம்மா குனிந்து, தம்பியைப் பார்த்துக் கையை நீட்டி, "மாரி, மாரி" என்றாள். தம்பி குடுகுடுவென்று ஓடி அவள் மடியில் ஏறிக்கொண்டான்.

சித்தி அலறாத குறை. இப்போதுதான் ஆத்தா இறங்கிப் போயிருக்கிறாள், அதற்குள் பேரைச் சொல்கிறார்களே என்று அப்பாவிடம் பதறினாள். அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாரி என்றால் இந்த ஊரில் வா என்று அர்த்தம், சந்தையில் மீன்காரன்கூட அப்படித்தான் கூப்பிடுவான் என்றார். சித்தி சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். சத்தியத்தால் கேப்டன் பர்ச்சில் அண்ணனை அழைக்காமல் விட்டதை நான் ஏற்கெனவே அவளிடம் சொல்லியிருந்தேன், பிள்ளைக்குக் காவல் இருந்த ஒரு மத்தியானத்தில், பொழுது போவதற்காக. அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நான் யாரை வரவிடாமப் பண்ணிட்டேன்?" என்றாள்.

என்ன சொல்கிறாள் என்று அந்த அம்மா கேட்டாள். நான் மலாயில் சொன்னேன். அவள் தம்பியை மடியில் வைத்தபடியே நகர்ந்து வந்து சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னதைச் சித்திக்கு நான்தான் தமிழில் சொன்னேன். "வந்துட்டானாம் சித்தி. நம்ம வார்த்தையைச் சொல்லித்தான் வந்தானாம்." சித்தி சத்தம்போட்டு அழுதாள். ஒருத்தி பேச்சு இன்னொருத்திக்குத் தெரியாமலே இரண்டு பேரும் சாகும்வரை தோழிகளாக இருந்தார்கள்.

அதெல்லாம் பழங்கதை. பிறகு நாங்கள் புக்கிட் பாரு பக்கம் குடிபோனோம். அந்தத் திடலில் வீடுகள் வந்துவிட்டன. கேப்டன் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றான். வருஷம் தவறாமல் பர்ச்சுக்கு என்னை அழைப்பான். அவர்கள் வீட்டில் எல்லா இலைக்கும் மாரி என்றுதான் அழைப்பார்கள், அண்ணன் இலைக்கு மட்டும் வா. பேரப்பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாது. அது ஏதோ முன்னோர் காலத்து மந்திரம் என்று நினைத்துக்கொண்டு, அந்தச் சொல்லைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, கைகூப்பிச் சொல்வார்கள். நானும் கேப்டனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

கேப்டன் போன வருஷம் போய்விட்டான். உங்களில் சிலர் வந்திருந்தீர்கள்.

இந்தப் பழக்காலத்தில் பர்ச்சுக்கு நான் தனியாகப் போனேன். அண்ணன் இலைக்கு இடப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டு, அவனுக்கு ஒரு இலை புதிதாகப் போட்டிருந்தார்கள். அவன் பேத்தி ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டே வந்தாள். அண்ணன் இலைக்கு வா என்றாள். தாத்தாவின் இலைக்கு முன் வந்ததும் நின்றுவிட்டாள். இவரை எந்தச் சொல்லால் அழைப்பது என்று என்னிடம் கேட்டாள்.

எங்கள் எல்லாரையும் வெளியே அழைத்துவிட்டுக் கடைசியாக வருகிறவனை நாங்கள் யாரும் ஒருநாளும் அழைத்ததில்லை. அவன் பின்னால் வருகிறான் என்று நினைத்துப் போய்க்கொண்டே இருந்திருக்கிறோம். முட்டிவலியையும் பார்க்காமல் அந்த இலைக்கு முன் குனிந்து, அவன் என் தம்பிக்காக விழுங்கிக்கொண்ட அந்தச் சொல்லை நானே சொன்னேன்.

"மாரி, கேப்டன். எல்லாரும் வந்தாச்சு. மாரி."

வெளியே வந்து கதவைச் சாத்தினோம். பிறகு பேத்தி கதவைத் தட்டினாள். கேப்டனின் இலையிலிருந்து ஒரு பிடி சோறும் சம்பலும் எடுத்து என் கையில் வைத்தாள். டாக்டர் சொன்னதற்காகப் பல வருஷமாக உப்பைக் குறைத்துச் சாப்பிட்டுப் பழகிய நாக்கு இது. கொஞ்சம் உப்பு பட்டாலும் சுரீரென்று தெரியும்.

உப்பு இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். அவள் தன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள், எனக்கு இன்னொரு பிடி வைத்தாள்.